பெரியப்பா அனுப்பும் வீடியோவும் மகள் பார்க்கும் உரையும்

போன மாதம் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளை அழைத்துக்கொண்டு, படிப்பு ஆலோசகரான என்னிடம் வந்திருந்தார். உட்கார்ந்ததும் மகளின் கைபேசியை எடுத்து மேசை மேல் வைத்தார். "சார், தினமும் ராத்திரி சாப்பிட்டதும் இதை எடுத்து வச்சுக்கிறா. யாரோ மேடையில நின்னு பேசுறாங்க, இவ நோட்டுல எழுதிக்கிட்டே இருக்கா. நீட்ல ரெண்டாவது தடவையும் மார்க் வரலை. நீங்க சொன்னா கேட்பா, இந்தப் பழக்கத்தை விடச் சொல்லுங்க."

அப்பாவுக்கு மளிகைக் கடை. மகளுக்கு முதல் முறை 287 மதிப்பெண். ஒரு வருடம் விடுதியில் தங்கிப் படித்து 341. பயிற்சிக்கும் விடுதிக்குமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது. பெரியப்பா மூன்றாவது முறையும் எழுதச் சொல்கிறார். சொல்வதோடு விடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடியற்காலையில் ஒரு தன்னம்பிக்கை வீடியோ வருகிறது. பத்து முறை தோற்றுப் பதினோராவது முறை ஜெயித்தவர், தெருவிளக்கில் படித்து உயர்ந்தவர். ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டு, "உன்னால் முடியும்மா" என்று ஒரு வரி.

வழக்கம்போல நானும் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். அன்று அந்த அம்மாவிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கவலையோடு என்னிடம் வரும் பெற்றோர் நிறையப் பேர்.

அம்மா, உங்கள் வீட்டில் இரண்டு விதமான வீடியோ ஓடுகிறது. நிறுத்த வேண்டியது பெரியப்பா அனுப்புவது. மகள் பார்ப்பது தொடரட்டும்.

பெரியப்பா கெட்டவர் இல்லை, பாசத்தில்தான் அனுப்புகிறார். ஆனால் அந்த வீடியோக்கள் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் முயன்றால் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் நீ முயலவில்லை. 2024இல் நீட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ 24 லட்சம் பேர். எம்.பி.பி.எஸ். இடங்கள் நாடு முழுவதும் ஒரு லட்சத்துச் சொச்சம், அதில் பாதிக்கு நெருக்கமானவை தனியார் கல்லூரிகளில். இந்தக் கணக்கை எந்த மேடைப் பேச்சும் மாற்றாது. ஒவ்வொரு விடியலிலும் அதைக் கேட்டு எழுந்திருக்கும் பிள்ளைக்கு மிஞ்சுவது, நம்மிடம்தான் ஏதோ குறை என்ற எண்ணம். 341 வாங்கிய பெண்ணிடம் குறை எதுவும் இல்லை. அவள் அந்தப் படிப்பைக் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். நான் கேட்டபோது, "படிக்கச் சொன்னா படிப்பேன் சார்" என்றாள். பதினெட்டு வயதுப் பெண் இப்படிச் சொன்னால் அதற்கு வேண்டாம் என்று பொருள். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது மகளின் பழக்கத்துக்கு வருவோம். அவள் பார்ப்பதில் பெரும்பகுதி டெட் (TED) என்ற அமைப்பின் மேடை உரைகள். 2006 ஜூனில் இணையத்தில் வரத் தொடங்கியவை. யார் பேசினாலும் 18 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அந்த மேடையின் கட்டுப்பாடு. 2009 முதல் தன்னார்வலர்கள் பல மொழிகளில் வசன வரிகள் எழுதுகிறார்கள், தமிழிலும் கொஞ்சம் உண்டு. தினமும் சின்னதாக ஒரு பேச்சு கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. ஆல் இந்தியா ரேடியோவில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் காலையில் பேசிய சில நிமிடங்களுக்காகக் காத்திருந்த வீடுகள் எத்தனை! உங்கள் அப்பாவும் கேட்டிருப்பார். அந்த வானொலிப் பேச்சில் ஒரு நல்ல குணம் இருந்தது. முடிந்தால் முடிந்ததுதான், அடுத்தது நாளைக்கு. கைபேசியில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. இந்தப் பழக்கம் கெடுவது அங்கேதான்.

அதனால் மகளிடம் நான் சொன்னது: தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடு. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. நேரம் மாறக் கூடாது, சாப்பிட்டு முடித்த கையோடு என்றால் தினமும் அப்போதே. இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டாதே. முடிந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று விஷயம் எழுது: எது புதிதாக இருந்தது, எதை நம்ப முடியவில்லை, நாளைக்கு எதைத் தேடிப் பார்க்கப் போகிறாய். ஞாயிற்றுக்கிழமை புதிய உரை வேண்டாம், அந்த வாரம் எழுதியதைத் திரும்பப் படி. நன்றாக இருந்தது, ஊக்கமாக இருந்தது என்று மட்டுமே எழுத வருகிற உரைகளை அடுத்த வாரத்திலிருந்து விட்டுவிடு. பாதியை அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள்.

பெற்றோருக்கு ஒரு வேலை உண்டு. நாற்பது நாள் கழித்து அந்த நோட்டை, மகள் சம்மதித்தால், வாங்கிப் பாருங்கள். எந்த உரைக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள், எந்த உரைக்கு இரண்டு பக்கம் போயிருக்கிறாள் என்று மட்டும் பாருங்கள். திறனறித் தேர்வு என்று சொல்லி ஐயாயிரம், பத்தாயிரம் வாங்குகிற இடங்களுக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்தப் பெண்ணின் நோட்டில் தொழில் வெற்றி, தலைமைப் பண்பு பற்றிய உரைகளுக்கெல்லாம் ஒரு வரிதான். மூன்று உரைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். ஒன்று பட்ரீஷியா குல் பேசியது. ஆறேழு மாதக் குழந்தைக்கு எந்த மொழியின் ஒலியையும் பிரித்தறியத் தெரியும், அடுத்த சில மாதங்களில் அந்தக் காது தாய்மொழிக்குப் பழகிவிடுகிறது, ஜப்பானியக் குழந்தைக்கு 'ர'வும் 'ல'வும் மங்கத் தொடங்குகிறது என்று விளக்கும் உரை. அதன் கீழே இவள் எழுதியிருந்த கேள்வி: "நம்ம ஊர்க் குழந்தைக்கு ழ, ள, ல மூணும் எப்போ தனித்தனியாக் கேட்கும்?" இன்னொன்று, பேச முடியாதவர்களுக்கு அவரவர்க்கே உரிய செயற்கைக் குரல் செய்து தரும் ரூபல் படேல் பேசியது. மூன்றாவது ஜில் போல்ட் டெய்லர். மூளை ஆய்வாளரான அவருக்கே 1996இல் மூளையில் ரத்தக்கசிவு வந்தது. உதவி கேட்டுப் போன் செய்தபோது எதிர்முனையில் பேசியவரின் குரல் நாயின் சத்தம்போலக் கேட்டதாகச் சொல்வார். முழுதாக மீள எட்டு ஆண்டுகள் ஆயின.

இதற்கு மட்டும் ஏன் இரண்டரைப் பக்கம் என்று கேட்டேன். "தாத்தாவுக்கு இப்படித்தான் சார் ஆச்சு" என்றாள். பக்கவாதத்துக்குப் பிறகு தாத்தா தண்ணீர் கேட்க நினைத்தால் வாயில் 'கதவு' என்று வருமாம். வீட்டில் எல்லோரும் புத்தி பேதலித்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள். இவள்தான் பழைய காலண்டரிலிருந்து படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி, தண்ணீர், பாத்ரூம், வலி, ஃபேன் என்று விரலால் தொட்டுக் காட்ட வைத்திருக்கிறாள். அந்த அம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார்.

இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் அம்மா. அதற்கு ஒரு பட்டப்படிப்பும் இருக்கிறது. நர்சிங், பிசியோதெரபி, பார்மசி பற்றியெல்லாம் உறவினர்களே சொல்லிவிடுவார்கள், நான் அவற்றுக்குள் போகவில்லை. இதை யாரும் சொல்வதில்லை. பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது செவித்திறன் மற்றும் பேச்சு-மொழி நோய்க்குறியியல். மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, மொத்தம் நான்கு ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்திருந்தால் போதும். உயிரியலுக்குப் பதில் கணிதம் படித்தவர்களையும் பல இடங்களில் சேர்க்கிறார்கள்.

படிப்பில் பாதி காது, பாதி வாய். பிறந்த சில நாள் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று தூங்கும்போதே ஓ.ஏ.இ., பெரா சோதனைகள் செய்து பார்ப்பது, ஒலி புகாத அறையில் ஆடியோமீட்டர் வைத்துக் கேட்கும் அளவைக் கணிப்பது, காதுக் கருவியை அவரவர்க்கு ஏற்பச் சரிசெய்து பொருத்துவது ஒரு பக்கம். மறு பக்கம் திக்குவாய், பேச்சு தாமதமாகும் குழந்தைகள், ஆட்டிசம், உதட்டுப் பிளவு அறுவைக்குப் பிந்தைய பேச்சு, குரல் கட்டிப்போன ஆசிரியர்கள், புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்டவர்கள், தாத்தா போலப் பக்கவாதத்தில் மொழியைத் தொலைத்தவர்கள். விழுங்க முடியாத நோயாளிக்கு விழுங்கப் பழக்குவதும் இவர்கள் வேலைதான். இது பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் இந்தத் தேவை எங்கிருந்து வருகிறது என்றும் சொல்கிறேன். காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் உட்செவிக் கருவியைப் பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் குழந்தை 'அம்மா' என்று சொல்ல மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கும் அப்படியே. இதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ செய்ய முடியாது. 'ரயிலை' 'லயில்' என்று சொல்லும் குழந்தைக்கு நாக்கு எங்கே தொட வேண்டும் என்று காட்ட, தமிழ் ஒலிகளை வாயில் உணர்ந்தவர் வேண்டும். உங்கள் மகள் அந்தக் கேள்வியை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறாள்.

எங்கே படிப்பது? தமிழ்நாடு அரசின் துணை மருத்துவப் பட்டப்படிப்புக் கலந்தாய்வில் இந்தப் படிப்பும் வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ளது, இந்தத் துறையில் பெயர் பெற்ற இடம். திருவனந்தபுரத்தில் 'நிஷ்' எனப்படும் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், மும்பையில் அலி யாவர் ஜங் நிறுவனம். ஒவ்வொன்றின் சேர்க்கை முறையையும் அந்த ஆண்டு அறிவிப்பை நேராகப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், யாரோ சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தியப் புனர்வாழ்வு மன்றத்தின், அதாவது ஆர்.சி.ஐ.யின், அங்கீகாரம் இல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். படித்து முடித்தபின் அந்த மன்றத்தில் பதிவு செய்யாமல் இந்த வேலையைச் சட்டப்படி செய்ய முடியாது. ஆறு மாதத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக்குகிறோம் என்கிற விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். தனியார் பல்கலைக்கழகத்தில் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கும் அளவுக்கு இதன் முதல் சம்பளம் இருக்காது. அரசு இடத்துக்கு முயலுங்கள், கிடைக்காவிட்டால் கட்டணம் தாங்கக்கூடிய அங்கீகாரம் பெற்ற கல்லூரி. மருத்துவம் படிக்க வைக்க மனையை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று உங்கள் கணவர் நினைப்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம். திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு இருக்கிறது. ஆர்வமில்லாத பிள்ளை அங்கே ஆறு வருடம் எப்படிப் படிப்பாள் என்று ஒரு ராத்திரி யோசித்துப் பாருங்கள். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவன் படிப்புக்கும் அந்த மனைதான்.

பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள். மகளைப் பேச விடாதீர்கள். "அண்ணா, அவளுக்கு வீடியோ அனுப்ப வேண்டாம், அவள் பார்ப்பதை ஒரு நாள் அவளோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

படிவம் நிரப்பும் முன் இன்னொரு வேலை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான தொடக்க நிலை இடையீட்டு மையம் என்று ஒன்று இருக்கும். அங்கே பேச்சுப் பயிற்சியாளர் இருக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அனுமதி வாங்கி, மகள் அரை நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரே சொல்லை நாற்பது முறை சொல்ல வைப்பார்கள், குழந்தை அழும், நாற்பத்தொன்றாவது முறையும் சொல்ல வேண்டியிருக்கும். எந்த உரையிலும் இது வராது. பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு நோட்டில் எத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.