மழைநாளில் எழும்பூர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த நவம்பரில் மேற்கு மாம்பலத்தில் என் கல்லூரித் தோழியின் வீட்டில் மூன்று நாட்கள் தங்கியிருந்தோம். மாமல்லபுரம் போவதாக இருந்த நாளில் விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்காக விடுப்பு எடுத்திருந்த தோழியும் அவள் கணவரும் மிகவும் சங்கடப்பட்டார்கள். கடைசியில் எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டுத் திரும்பினோம். ஒரு நாள் வீணாகிவிட்டதே என்று எனக்கும், அவர்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று என் கணவருக்கும் இன்னும் மனம் ஆறவில்லை. மழைநாளில் சென்னையில் பார்க்க என்னதான் இருக்கிறது?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

சென்னையில் ஓராண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே பெய்துவிடுகிறது. நவம்பரில் இங்கே வருபவர்கள் மழைக்கென்று ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டே வர வேண்டும். அந்த மழையில் கடற்கரைச் சாலையில் 50 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் விட்டது நல்ல முடிவு. நீங்கள் போய்ச் சேர்ந்த இடமும் சரியான இடம்தான். அங்கே ஒரு மணி நேரம் மட்டுமே இருந்தீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிய நண்பர் குடும்பத்தோடு இதே போன்றதொரு மழைநாளில் நாங்களும் எழும்பூருக்குப் போனோம். 1851-இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்துக்கு, இதே ஊரில் குடியிருந்தும், பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிறகு நான் போனதே இல்லை. நனைந்த குடைகளை மடக்கிக்கொண்டு செப்புத்திருமேனிகளின் கூடத்துக்குள் நுழைந்தவர்கள், வெளியே மழை விடவில்லை என்ற ஒரே காரணத்தால் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்பு நெடுநேரம் நின்றோம். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வார்ப்பு அது. வலப்புறம் இரண்டு கைகள், இடப்புறம் ஒரே கை என்பதை முதலில் கவனித்தவர் நண்பரின் மனைவி. சிவனின் பாதியில் தொடையோடு நின்றுவிடும் ஆடை, உமையின் பாதியில் கணுக்கால் வரை இறங்குவதைக் காட்டியவள் அவர்கள் மகள். இரண்டு உடல்கள் ஒன்றாக நிற்கும்போது எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று விரலால் காட்ட முடியாதபடி அந்த இடுப்பை வளைத்திருக்கிறார் சிற்பி. அவசரத்தில் கடந்து போகிறவரின் கண்ணுக்கு இது அகப்படாது.

ஈரத்துக்கும் இத்தகைய திருமேனிகளுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. நெடுங்காலம் மண்ணில் புதைந்து கிடந்து எடுக்கப்பட்டவற்றின் உலோகத்தில் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அது மறுபடி வேலை செய்யத் தொடங்கி, வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, சிலையை உள்ளிருந்தே அரித்துவிடும். இதைத் தடுப்பதற்காக 1930-இலேயே அங்கு ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்சாரத்தைச் செலுத்தும் மின்பகுப்பு முறையில் அந்த உப்பை வெளியேற்றிச் சிலைகளைக் காப்பாற்றினார். கடற்காற்றும் மழைக்காலமும் சேர்ந்த இந்த ஊரில் நாம் அவற்றை இன்றும் பார்க்க முடிவதற்குப் பின்னால் எவ்வளவு பொறுமையான உழைப்பு இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதே அருங்காட்சியகத்தில் இருக்கும், ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியைச் சேர்ந்த சிற்பங்களுக்கும் இதே அளவு நேரம் கொடுங்கள்.

தொந்தரவு கொடுத்ததாக உங்கள் கணவர் வருந்த வேண்டாம். விருந்தினரை அழைத்துக்கொண்டு வெளியே கிளம்பி, மழையால் திரும்பிவரும் வீட்டுக்காரருக்கு ஏற்படும் கூச்சத்தை நான் அனுபவித்திருக்கிறேன். அன்று எங்கள் நண்பர், “இதைப் பார்க்கத்தான் வந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் தோழிக்கும் அப்படி ஒரு வார்த்தை தேவைப்பட்டிருக்கும். இப்போதுகூடத் தொலைபேசியில் சொல்லலாம்.

அடுத்த முறை கார் வேண்டாம், சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றுவிடும். மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தம் எழும்பூர். மழை விட்டால் மாலையில் மயிலாப்பூர்க் குளத்துக்குப் போய், எத்தனை படிகள் நீருக்குள் இறங்கியிருக்கின்றன என்று பாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.