நாத்தனாரின் கேள்வி

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 63. கணவர் காலமான பிறகு மகன் பெங்களூருவுக்கு வந்துவிடச் சொல்கிறான். எனக்கோ தென்காசி வீட்டில் தனியாக இருப்பதுதான் பிடித்திருக்கிறது. “பெற்ற பிள்ளை கூப்பிட்டும் போகாமல் அப்படி என்ன பிடிவாதம்?” என்கிறார் நாத்தனார். தனியாக வாழ்வதில் நிஜமாகவே நன்மை உண்டா? இல்லை, இது வெறும் தன்னலமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

இந்தக் கேள்வியை ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. ஆண் மலையேறிப் போனால் சித்தர். பெண் தனியாக இருந்தால் மட்டும், யாரோ அவளைக் கைவிட்டிருக்க வேண்டும், அல்லது அவள் யாரையோ கைவிட்டிருக்க வேண்டும்.

டென்சின் பால்மோ என்றொரு பௌத்தப் பெண் துறவி. லண்டனில் வளர்ந்தவர், 1964இல் இந்தியா வந்தார். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌலில் ஒரு மடாலயத்தில் சில ஆண்டுகள் இருந்தார். அங்கேயும் பேச்சும் கூட்டமும் அதிகம் என்று 1976இல் 13,200 அடி உயரத்திலிருந்த ஒரு குகைக்குக் குடிபோய், 12 ஆண்டுகள் தங்கினார். இரவிலும் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். கடைசியில் அவரது தவத்தைக் கலைத்தது, விசா விஷயமாக வந்து நின்ற போலீஸ்காரர்!

இது உலகத்தைவிட்டு ஓடுவதில்லையா என்று அவரையும் கேட்டிருக்கிறார்கள். நேர்மாறாகச் சொன்னார். ஊரில் மனம் கசந்தால் தொலைக்காட்சியைப் போடலாம், யாருக்காவது போன் செய்யலாம். குகையில் அதை நேருக்கு நேர் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதனால்தான் தனிமையின் லாபம் நிம்மதி என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. ஆளில்லாத வீட்டில்தான் பழைய சண்டைகளெல்லாம் வந்து உட்காரும்.

லாபம் வேறு. பொழுது துண்டுபடாமல் கிடைக்கிறது. குடும்பத்தில் ஒரு பெண்ணின் நாளைக் காபி, டிபன், குக்கர் விசில், காலிங் பெல் என்று நறுக்கிவிடுகிறார்கள். தனியாக இருப்பவர் படிக்க உட்கார்ந்தால் புத்தகம் முடியும்வரை படிக்கலாம். பசித்தால் சாப்பிடலாம், ரசம் சாதம் போதும் என்றால் அதோடு அடுப்பை அணைக்கலாம். பணிக்காலம் முழுவதும் மணியடித்தால் வகுப்பு மாறிய உங்களுக்கு இந்த ருசியை நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, தினமும் ஒரே வீட்டில் இருந்தால் மகனோடு பேச்சு பால் கணக்கிலும் பேரனின் டியூஷனிலும் முடிந்துவிடும். தொலைவிலிருந்து பேசும்போது கொஞ்சம் மகனாகவும் இருப்பான்.

தன்னலமா என்றால், கொஞ்சம் உண்டு. இருக்கட்டுமே.

ஆனால் பால்மோ யார் தயவுமின்றி வாழ்ந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். குகைக்கு வெளியே உருளைக்கிழங்கும் டர்னிப்பும் பயிரிட்டாலும், அரிசியும் பருப்பும் கீழேயிருந்துதான் வர வேண்டும். ஒருமுறை வரவில்லை. இருந்ததைக் குறைத்துக் குறைத்துச் சாப்பிட்டு மெலிந்துபோனார். தனியாக வாழ விரும்புகிறவர்தான் அக்கம்பக்கத்தை அதிகமாகப் பேண வேண்டும். ஆகவே மகனிடம் “வரமாட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். மாற்றுச் சாவி எந்த வீட்டில் இருக்கிறது, காலையில் உங்கள் போன் வராவிட்டால் அவன் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்தி அதைப் படமெடுத்து அனுப்புங்கள். அவன் கவலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நாத்தனாரை ஒரு வாரம் உங்கள் வீட்டில் வந்து தங்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அன்புடன்