யானைப் பாகன் மகன்

கேள்வி: போன வாரம் எங்கள் வாழைத்தோப்பில் யானை இறங்கிவிட்டது. விடிய விடியப் பட்டாசு வெடித்தோம். "சாபு இருந்திருந்தா காதைப் புடிச்சி ஓட்டியிருப்பான்" என்றார் மாமனார். யார் அந்த சாபு?
- ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்: உங்கள் மாமனார் தரை டிக்கெட் காலத்து ஆள் என்று தெரிகிறது. அவருக்கு என் வணக்கம்.

சாபு ஹாலிவுட் வரை போன நடிகர். 1924இல் மைசூர் சீமையில் காராப்பூரில் பிறந்தவர். அப்பா மகாராஜாவின் யானைப் பாகன். அவர் இறந்த பிறகு பையன் யானைக் கொட்டாரத்திலேயே வளர்ந்தான். ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி என்ற டைரக்டர் யானைப் படம் எடுக்க மைசூர் வந்தபோது, அந்தக் குழுவின் கண்ணில் பட்டான். அவன் நடித்த 'எலிஃபன்ட் பாய்' 1937இல் வெளியானபோது வயது 13. அப்புறம் லண்டன் வாசம். அவர் நடித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தை இங்கிலாந்தில் ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததால் அமெரிக்கா போய் முடித்தார்கள். சாபுவுக்கு அதுவே ஊராகிவிட்டது.

அந்த பாக்தாத் படத்தை (எம்.ஜி.ஆர். நடித்தது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்) காட்பாடி தாண்டி ஒரு டூரிங் கொட்டகையில் நானே ஓட்டியிருக்கிறேன். ஆப்பரேட்டருக்கு எடுபிடி வேலை எனக்கு. ஆயிரம் ஊர் சுற்றிய பிரின்ட். சீசாவிலிருந்து பூதம் புகையாகக் கிளம்பும் நேரம் பார்த்து அறுந்துகொள்ளும். பிளேடால் சுரண்டி, ஃபிலிம் சிமென்ட் என்ற பசையைத் தடவி ஒட்டுவதற்குள் விசில் கூரையைப் பிய்க்கும். ஒருநாள் அப்படி நின்றபோது மணலில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா, "இந்தப் பையன் நம்ம பக்கத்துப் புள்ளயாட்டம் இருக்கானே" என்றது.

"ஆமா ஆயா, மைசூர்காரன்தான்."

"மைசூர்காரன் எதுக்குடா இங்கிலீஷ் பேசறான்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரியும்: இங்கே அவரை யாரும் தமிழோ கன்னடமோ இந்தியோ பேச வைக்கவில்லை. 1944இல் அமெரிக்கக் குடிமகனாகி, பி-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பறந்து பதக்கம் வாங்கினார். திரும்பி வந்தவருக்கு 1947இல் 'பிளாக் நார்சிசஸ்' ஒரு நல்ல படம். மற்றபடி காடு, புலி, தலைப்பாகை என்றே கூப்பிட்டார்கள். 1952இல் லண்டன் சர்க்கஸில் யானைகளோடு வித்தை காட்டினார். யானை மேலிருந்து இறக்கிக் கூட்டிப்போனவனை மறுபடி யானை மேலேயே ஏற்றிவிட்டார்கள். எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல்.

ஒரே ஒரு கதவு திறக்கப் பார்த்தது. இந்தி டைரக்டர் மெஹபூப் கான் 'மதர் இந்தியா'வில் மகன் பிர்ஜு வேடத்துக்கு சாபுவைத்தான் நினைத்தார். இங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. சுனில் தத் நடித்தார், பெயர் வாங்கினார். சாபு ஓர் இந்தியப் படத்தில்கூட நடிக்காமல் 1963இல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வயது 39.

கேள்வி: ஹாலிவுட் நடிகர்கள் நம் பக்கம் வந்து நடித்ததுண்டா?
- ஒரு மாணவர், ஆற்காடு

பதில்: உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்', 1952. ராட் கேமரூன், சீசர் ரொமேரோ எல்லாம் வந்தார்கள். தமிழில் 'காடு'. அதிலும் யானைக் கூட்டம்தான். பேரணாம்பட்டு மாமனாரிடம் கேட்டுப் பாருங்கள், அதையும் பார்த்திருப்பார்.