'ச்சை' என்றால் சோறு கிடைக்கும் ஊர்

கேள்வி: குடும்பத்தோடு ஐந்து பேர் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குப் போகிறோம். முட்டைகூடச் சேர்க்காத சைவம். "மாடும் பன்றியும் தவிர அங்கே ஒன்றும் கிடைக்காது, பிஸ்கட் எடுத்துப் போ" என்று பயமுறுத்துகிறார்கள். நிஜமா? – வாசகி, ஈரோடு

பிஸ்கட் மூட்டை வேண்டாம். தெருவுக்குத் தெரு எலும்புச் சாறு கொதிக்கிற ஊர்தான். ஆனால் பௌத்தக் கோயில்களை ஒட்டி வளர்ந்த சைவச் சமையலும் அங்கே பழையது. அதற்கு அவர்கள் மொழியில் ஒரே சொல்: 'ச்சை'. நாம் முகம் சுளித்துச் சொல்கிற அதே ஒலிதான். சுளிக்காமல், குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்ல வேண்டும். குரலை ஏற்றினால் 'தீய்ந்தது', அழுத்தி இறக்கினால் 'ஓடு', 'சாய்' என்று நீட்டினால் 'பாட்டில்'! பெயர்ப்பலகையில் சி, எச், ஏ, ஒய் என நான்கு எழுத்துகளாக இருக்கும், மேலே கீழே கோடோ புள்ளியோ இல்லாமல்.

மொபைல் மேப்பில் 'வெஜிடேரியன்' என்று தேடினால் வெளிநாட்டவருக்கான, விலை கூடிய இடங்கள் முன்னால் வரும். அந்த நான்கு எழுத்துக்கு முன்னால் சி, ஓ, எம் சேர்த்துத் தேடுங்கள். அது 'சைவச் சோறு'. கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு வகை வைத்திருக்கும் சின்னக் கடைகள் வரிசையாக வரும். சோறு வைத்த தட்டை நீட்டுவார்கள். மூன்று நான்கு வகையை விரலால் காட்டினால் போதும், மொழியே தேவையில்லை. பெரும்பாலும் 30,000 முதல் 50,000 டாங், நம் காசில் 100 ரூபாயிலிருந்து 170 வரை. 11 மணிக்கே போய்விடுங்கள். அங்கே மதியச் சாப்பாடு சீக்கிரம். 1 மணிக்கு மேல் போனால் அடிச்சட்டிதான்.

ஒரு எச்சரிக்கை. சைவக் கடையின் மெனு அட்டையிலும் 'கோழி', 'பன்றி வறுவல்', 'மீன்' என்றே எழுதியிருக்கும். பின்னால் 'ச்சை' ஒட்டியிருந்தால் அது சோயா, காளான், கோதுமைப் பசை, பாலாடை போலக் காய்ச்சி எடுத்த சோயா ஏடு ஆகியவற்றில் செய்த போலி. அச்சு அசலாகத் தோலோடு இருப்பதுபோல் செய்வார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்; தட்டில் பார்த்துவிட்டு எழுந்து போய்விடக் கூடும். பௌத்த மரபுப்படி வெங்காயம், பூண்டு வகைகளும் விலக்கு. இப்படி விலக்கிய ஐந்து பொருள்களில் ஐந்தாவது நம் பெருங்காயம்! எல்லாக் கடையும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. ஏகாதசிக்காரர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. முட்டையும் அப்படியே, சில கடைகளில் நுழைந்துவிடும்.

பயணத் தேதியைச் சந்திர மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம். நம் காலண்டரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். அன்று அசைவக் கடைகள் சிலவும் சைவம் போடும். சைவக் கடைகளில் கூட்டம் நெரியும். சந்திரப் புத்தாண்டு வாரத்தில் மட்டும் போகாதீர்கள், பல கடைகள் பூட்டிக் கிடக்கும்.

கேள்வி: நான் மட்டும் சைவம், கூட வரும் நண்பர்கள் அசைவம். சாதாரண ஹோட்டலில் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாதா? – வாசகர், திருநெல்வேலி

போதாது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் காதில் 'இறைச்சி' என்பது மாடு, பன்றி, கோழி. மீனும் இறாலும் அதில் சேராது. மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கும் 'நுக் மாம்' சாறு அவர்களுக்கு ஒரு மீன் உணவே இல்லை, நமக்கு உப்புப்போல. கீரை வதக்கலில் அது விழும், அல்லது சிப்பிச் சாறு விழும். போதாததற்குப் பன்றி எலும்புச் சத்து சேர்த்த மசாலாக் குருணை ஒரு கரண்டி. தட்டில் பார்த்தால் வெறும் கீரையும் பூண்டும்தான்.

ஆகவே 'தோய் ஆன் ச்சை', நான் சைவம் சாப்பிடுபவன், என்று தொடங்குங்கள். பிறகு மீன் சாறு, சிப்பிச் சாறு, மசாலாக் குருணை மூன்றும் வேண்டாம், உப்பும் சோயா சாஸும் மட்டும் போதும் என்பதை வியட்நாமியில் மொழிபெயர்த்து, ஃபோனில் படமாக வைத்துக்கொண்டு சமையல்காரரிடம் காட்டுங்கள். பரிமாறுபவரிடம் மட்டும் காட்டினால் சமையலறை போய்ச் சேராது.

கேட்கத் தகுந்தவை: வெள்ளைச் சோறு, பூண்டு போட்ட வள்ளல்கீரை வதக்கல், பொரித்த டோஃபு (சோயாப் பனீர்). டோஃபுவை வெட்டிப் பாருங்கள். உள்ளே கொத்துக்கறி அடைத்தும் தருவார்கள். பொரிக்கும் எண்ணெய் மீனுக்கும் அதேதான், அதற்கு வழியில்லை. 'ஃபா' நூடுல்ஸில் துண்டை எடுத்துவிட்டுத் தரச் சொல்வது வீண்: மணிக்கணக்கில் எலும்பு வெந்த நீர் அது. பான் மீ ரொட்டியில் முட்டைக்கருவில் கடைந்த பசையும் ஈரல் பேஸ்டும் தடவுகிறார்கள், அதே கத்தியால். அதற்கு 'ச்சை' பலகை மாட்டிய தள்ளுவண்டியைத் தேடுவதுதான் சரி.

கேள்வி: வயதான மாமியாருக்கு ஒரு வேளையாவது நம்ம ஊர்ச் சாப்பாடு வேண்டும். – வாசகி, காரைக்குடி

நகர மையத்தில், முன்பு முதல் மாவட்டம் எனப்பட்ட பகுதியில், பென் தான் சந்தையைச் சுற்றி இந்திய உணவகங்கள் உண்டு. பெரும்பாலும் வடக்கத்திச் சமையல்; அதே அடுப்பில் அசைவமும் வேகும். அவருக்கு அது ஒத்துவராது என்றால், பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள். வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும். தயிர் அங்கே இனிப்பானது. சர்க்கரை சேர்க்காதது என்று கேட்டு வாங்குங்கள், சிலவற்றில் ஜெலட்டின் இருப்பதால் டப்பாவையும் படியுங்கள். சந்தைக்கு நடைதூரத்தில், ட்ருவோங் தின் தெரு 45-ஆம் எண்ணில், தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே கும்பிடுவோரில் வியட்நாமியரே அதிகம். மாமியாருக்குச் சோற்றைவிட அது நிறைவாக இருக்கலாம்.

கேள்வி: வியட்நாம் போர்க்காலத்துக் கூ சி சுரங்கமும் தாய் நின் ஊரும் சேர்த்து ஒரு நாள் டூர் எடுத்திருக்கிறோம். மதியச் சாப்பாடு டூரிலேயே. – வாசகர், சேலம்

சைவம் என்பதை மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாமல், முந்தின நாளே 'ச்சை' என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். தாய் நின், 1926-இல் தோன்றிய காவ் தாய் சமயத்தின் தலைமையிடம். அச்சமயத்தார் மாதத்தில் சில நாளாவது சைவம் சாப்பிட வேண்டும் என்பது விதி. அதனால் ஊரில் நல்ல சைவக் கடைகள் உண்டு. வழியில் மாங்காய், கொய்யாக் கீற்றோடு செம்மண் நிறத்தில் ஒரு பொடி பொட்டலம் தருவார்கள். மிளகாய் உப்புப் போலவே இருக்கும். அது தாய் நின்னின் பெயர்பெற்ற இறால் உப்பு. பழத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.