அப்பாவைப் பேலியேட்டிவுக்கு அனுப்பலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். அப்பாவுக்கு 71 வயது, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோ நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் டாக்டர் “பேலியேட்டிவ் டீமையும் பார்த்துவிடுங்கள்” என்று கடிதம் எழுதிக் கொடுத்தார் (வலியையும் மற்ற தொல்லைகளையும் தணித்துக் கவனிக்கிறவர்களாம்). சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் போனிலேயே கத்திவிட்டார், “கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம், போகவே போகாதே” என்று. அப்பாவுக்கு முதுகு வரை வலி. ராத்திரி படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடியே சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். மார்ஃபின் சிரப் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அம்மா திறக்க விடவில்லை. பழகிவிடும், சீக்கிரம் போய்விடுவார் என்கிறார். பாட்டில் ஃபிரிட்ஜ் மேல் மைலோ டின்னுக்குப் பின்னால் கிடக்கிறது. அப்பாவுக்கு நோயின் பெயர் தெரியும், பரவியது தெரியாது. சொல்லலாமா? இதற்கு நடுவில் பத்துமலைக்குப் போக வேண்டும் என்று வேறு சொல்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை அக்கா.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மைலோ டின்னுக்குப் பின்னால் இருக்கும் அந்த பாட்டிலைப் பற்றிப் பேசிவிடுவோம். அண்ணனின் கோபமும் பத்துமலையும் நாளைக்கும் இருக்கும், அப்பாவுக்கு இன்றைக்கு ராத்திரியும் சோபாதான். நான் டாக்டர் இல்லை. எவ்வளவு கொடுப்பது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், அதை எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். ஆனால் அவர் உட்காரும் விதத்தை எழுதியிருக்கிறீர்களே, அது கணையப் புற்றுநோய்க்காரர்களிடம் டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம். கணையம் வயிற்றின் பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது, அதன் பின்னால் ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் வலி கூடும், முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் விடும். அப்பா தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அது. டாக்டரிடம் “வலிக்குது” என்று மட்டும் சொல்லாமல் இதை அப்படியே சொல்லுங்கள், எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, எப்படி உட்கார்ந்தால் குறைகிறது என்று. மருந்து போதாதவர்களுக்கு அந்த நரம்புக் கூட்டத்திலேயே ஊசி போட்டு வலியைத் தடுக்கிற முறையும் இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது, கேட்டுப் பார்க்கலாம்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். போதைப்பொருள் என்றாலே தூக்குத் தண்டனை ஞாபகம் வருகிற நாட்டில் வளர்ந்தவர்கள் நாம். அதோடு, “மார்ஃபின் கொடுத்தாங்க, ரெண்டே நாள்ல போயிட்டார்” என்று நம் ஆட்களில் எந்தக் குடும்பத்தில் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். அந்தக் கடைசி இரண்டு நாள் வரைக்கும் அதைக் கொடுக்காமலே வைத்திருந்தார்கள் என்பது மட்டும் கதையில் வராது. குறைந்த அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. புற்றுநோய் வலிக்காகச் சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அடிமையாவதும் அபூர்வம். உடம்பு அதற்குப் பழகும் என்பது உண்மைதான், அதனால் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (கடைசிக் காலத்தில் இருப்பவர்களைக் கவனிக்கும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர். நர்ஸாக இருந்து, முதுகுக் கோளாறால் அதை விட்டு, ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகி, அதற்கும் பிறகு டாக்டருக்குப் படித்த அம்மையார் அவர். நோயாளி வலியில் துடித்துக் கெஞ்சிய பிறகு கொடுப்பது வைத்தியமே இல்லை, கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்புவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்றார். சாதாரண மார்ஃபின் சிரப் ஏறக்குறைய நாலு மணி நேரம் தாங்கும், நாலு மணிக்கு ஒரு தடவை என்று எழுதுவது அதனால்தான். நடுவில் வலி முட்டினால் கொடுக்கத் தனியாக ஓர் அளவு உண்டு, அதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சில நாள் தூக்கமாக வரும், குமட்டும், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். சரியாகாதது மலச்சிக்கல். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, ஆனால் வீட்டில் மார்ஃபினை நிறுத்திவிடுகிறவர்கள் பலர் இதனால்தான் நிறுத்துகிறார்கள். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி மருந்தும் கூடவே போக வேண்டும், எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று சீட்டைப் பாருங்கள். அப்பாவுக்கு சிறுநீரகத்தில் ஏதாவது பிரச்சனை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், மார்ஃபின் உடம்பிலேயே தங்கிவிடும்.

சரி, அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். கைவிட்டுவிட்டார்கள் என்றால் கீமோ ஏன் கொடுக்கிறார்கள்? உங்கள் டாக்டர் ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு அனுப்பவில்லை, இரண்டும் சேர்ந்து நடக்கட்டும் என்கிறார். பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 151 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-ல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மறு பாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கவனிப்பும். இரண்டாவது கூட்டத்துக்கு மனச்சோர்வு குறைவு, கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு, அப்படியும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை (சரிபாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. அது நுரையீரல், அப்பாவுக்குக் கணையம், அதனால் இதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் “பேலியேட்டிவுக்குப் போனால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்பவருக்கு இதைக் காட்டலாம்.

வந்து என்னதான் செய்வார்கள் என்று கேட்பீர்கள். என் மாமியாருக்கு இருதயம் பலவீனமாகிப் போயிருந்தது (புற்றுநோய்க்கு மட்டும்தான் இது என்பதில்லை, இருதயம், சிறுநீரகம், நுரையீரல், மறதி நோய் எல்லாவற்றுக்கும் உண்டு). இங்கே பினாங்கில் வீட்டுக்கு வந்த பேலியேட்டிவ் மிஸ்ஸி (நர்ஸ்) ரத்த அழுத்தக் கருவியை வெளியே எடுப்பதற்கு முன்பே கைபேசி விளக்கைப் போட்டு அவர் வாயைத் திறக்கச் சொன்னார். மாமியார் கஞ்சியைத் தள்ளிவிடுவதற்கு வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. வாயில் விடச் சொட்டு மருந்து எழுதி வாங்கிக் கொடுத்தார்கள், அந்த வாரக் கடைசியில் ரசம் சாதம் கேட்டார். அப்புறம் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார் அந்த மிஸ்ஸி, புண் வருகிறதா என்று. கழிப்பறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், ராத்திரி யார் விழித்திருக்கிறார்கள், அவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி எனக்கானது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 1991-ல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா வீட்டுக்கே வந்து பார்க்கிறது, கட்டணம் வாங்குவதில்லை, டாக்டரின் கடிதம் மட்டும் வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது. செலாயாங் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இந்தக் கவனிப்பு தேவைப்படுகிற நூறு பேரில் பதினாலு பேருக்குத்தான் கிடைக்கிறது. யாரிடம் போனாலும், நடுராத்திரியில் வலி கூடினால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அப்பாவிடம் சொல்வதா? அவருக்குத் தெரியாது என்பதையே நான் நம்பவில்லை. வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுவது ஒரு மனிதருக்குக் கேட்காமலா இருக்கும்? அதற்காக உட்கார வைத்து அறிவிக்க வேண்டியதில்லை. “டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னப்பா புரிஞ்சது, இன்னும் ஏதும் தெரிஞ்சுக்கணுமா?” என்று ஒரு தடவை கேளுங்கள், கேட்டுவிட்டு சும்மா இருங்கள். “எனக்கு எதுக்கு, நீங்களே பாத்துக்குங்க” என்றால் அதுவும் பதில்தான், விட்டுவிடலாம். “பரவிடுச்சா?” என்று நேராகக் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லாதீர்கள். அப்படி ஒரு பொய் சொன்னால் அவர் அதன் பிறகு எதையுமே உங்களிடம் கேட்க மாட்டார். அவர் யாரிடமோ கடன் பாக்கி வைத்திருக்கலாம், யாரையோ பார்க்க வேண்டியிருக்கலாம். பத்துமலையைக் கேட்கிறாரே, அதை நான் “நடுவில் வேறு” என்று தள்ளமாட்டேன்.

கூட்டிப் போங்கள். தைப்பூசக் கூட்டம் கீமோ நடக்கிற உடம்புக்கு ஆகாது, சாதாரண வார நாளில் விடிகாலையில் போங்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. 272 படியை ஏறித்தான் ஆக வேண்டும் என்று முருகன் கேட்க மாட்டார், கீழேயே 140 அடிக்கு நிற்கிறார், சக்கர நாற்காலியிலிருந்து பார்த்தாலும் தெரியும். மருந்து கொடுத்து அரைமணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். காரில் சாய்ந்துகொள்ள அந்தத் தலையணையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனைப் பற்றி ஒன்று. தூரத்தில் இருந்துகொண்டு எல்லா சிகிச்சையும் செய்தே ஆக வேண்டும் என்று குதிக்கிற பிள்ளைக்கு அமெரிக்க டாக்டர்கள் ‘கலிபோர்னியா மகள்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள், கலிபோர்னியாவில் அதையே ‘நியூயார்க் மகள்’ என்பார்களாம். அவர் கெட்டவர் இல்லை, ராத்திரி சோபாவைப் பார்க்காதவர், அவ்வளவுதான். போனில் நீங்கள் அவருக்குப் புரியவைக்கப் பார்க்காதீர்கள், சண்டைதான் வரும். பேலியேட்டிவ் டாக்டரை முதல் தடவை பார்க்கும்போது அண்ணனை வாட்ஸ்அப் வீடியோவில் சேர்த்துவிடுங்கள், கைவிட்டுட்டீங்களா என்று டாக்டரையே கேட்கட்டும். நேரம் குறித்ததும் அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள், அங்கே லீவு கேட்க நாள் வேண்டும்.

அன்புடன்,
அக்கா