ஐந்து தோழியர், ஒரு புலனக் குழு

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளி முடித்து இவ்வாண்டு இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-க்குப் போயிருக்கிறாள். மலாய் பேசவும் எழுதவும் தயங்குகிறாள். தோட்டத்துத் தோழியர் ஐவர் சேர்ந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) படிப்புக் குழு தொடங்கினார்கள். இரண்டே வாரத்தில் காலை வணக்கப் படங்கள்தான் மிச்சம். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: குழுவைக் கலைக்க வேண்டாம், அம்மா. ஐந்து பேர் நல்ல எண்ணிக்கை. முறை வைக்காததுதான் குறை. திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு ஒருத்தி மலாயில் ஒரு நிமிடக் குரல்பதிவு போடட்டும். மற்ற நால்வரும் இரவு 9-க்குள் குரலிலேயே ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும். காணொளி அழைப்பைவிடக் குரல்பதிவுக்கு டேட்டா மிகக் குறைவு. லைன் மந்தமான இடத்திலும் போய்ச் சேரும். வணக்கப் படங்களுக்கு வேறு குழு இருக்கட்டும்.

எழுத்துக்குக் கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பு போதும். வாரம் ஆளுக்கு ஐந்து வாக்கியம். திருத்துபவர் மூன்று புள்ளியைத் தட்டி, மாற்றங்களைப் பரிந்துரைக்கும் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நேரடியாக அழித்து எழுதினால், எங்கே பிழைத்தோம் என்பது எழுதியவளுக்குத் தெரியாமலே போகும். பரிந்துரையில் பழையதும் புதியதும் பக்கத்தில் நிற்கும். அவளே பார்த்து ஏற்றுக்கொள்வாள்.

எல்லாப் பிழையையும் ஒரே நாளில் திருத்தினால் பிள்ளை எழுதுவதையே நிறுத்திவிடும். வாரத்துக்கு ஒரு பிழை வகை போதும். முதல் வாரம் ‘மெ’ முன்னொட்டு: துலிஸ் (எழுது) ‘மெனுலிஸ்’ ஆகும், புக்குல் (அடி) ‘மெமுக்குல்’ ஆகும், முதலெழுத்து கரைந்துவிடும். பாச்சா (வாசி) மட்டும் ‘மெம்பாச்சா’ என்று எழுத்தை விடாமல் நிற்கும். அடுத்த வாரம் ‘டி’: ‘டி ரூமா’ (வீட்டில்) என இடத்தைச் சொன்னால் பிரித்து எழுத வேண்டும், ‘டிதுலிஸ்’ (எழுதப்பட்டது) என வினையோடு வந்தால் சேர்த்து. பிறகு ‘பென்ஜோடோ பிலாங்கான்’, அதாவது எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் வரும் சொல். தமிழில் ‘எட்டுக் கோழி’ என்றாலே போதும் என்பதால், ‘லாப்பான் எக்கோர் ஆயாம்’ என்பதில் நம் பிள்ளைகள் ‘எக்கோர்’ஐ விட்டுவிடுவார்கள்.

ஐவரும் கற்பவர்கள்தாம் என்பதால் தவறையே ஒருமனதாகச் சரியென்று முடிவு செய்யக்கூடும். சந்தேகம் வந்தால், மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் பி.ஆர்.பி.எம். இணைய அகராதியில் பார்க்கட்டும். அதிலும் தெளியாததைக் கோப்பில் மஞ்சளாக்கி வைத்து, பள்ளியில் மலாய் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்ததை அப்படியே ஒட்டுகிறார்களா என்றும் பாருங்கள். எழுதியதைத் தாளைப் பார்க்காமல் குரலில் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும்.

ஒரு மாதம் ஓடியபின், வகுப்பில் ஒரு மலாய்த் தோழியையும் சேர்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை கூகுள் மீட்டில் அரை மணி நேரம்: முதல் பாதி மலாய், மறுபாதி அவளுக்கு நம் பிள்ளைகள் தமிழ் சொல்லிக் கொடுக்கட்டும்.