பூச்சாடியில் 'காலே' என்ற பெயர்: நட்சத்திரம் இருந்தால் போலியா?

கேள்வி: பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்து ஓய்வு பெற்ற என் தாத்தா, ஊர் திரும்பியபோது கொண்டுவந்த கண்ணாடிப் பூச்சாடி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு சாண் உயரம் இருக்கும். மஞ்சள் பின்னணியில் ஊதா நிறப் பூங்கொடி புடைப்பாக உள்ளது. அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே 'காலே' என்ற பெயரும், அதற்கு முன் ஒரு சிறு நட்சத்திரமும் தெரிகின்றன. நட்சத்திரம் இருப்பதால் இது போலி என்கிறார் ஒரு வியாபாரி. இன்னொருவர், எமில் காலே தம் கையாலேயே செய்தது இது, பாரிஸ் ஏலத்தில் விற்றுத் தருகிறேன், சாடியைக் கொடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், புதுச்சேரி

பதில்: இருவர் சொல்வதும் தவறு. விவரத்துக்கு வருமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: இதைப் படித்து முடிக்கும் வரையிலும், அதற்குப் பிறகும், அந்தச் சாடி உங்கள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

முதலில் நட்சத்திரம். பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் உள்ள நான்சி நகரில் கண்ணாடித் தொழிற்கூடம் நடத்திய எமில் காலே, 1904 செப்டம்பர் 23 அன்று காலமானார். அவருக்குப் பின் தொழிலை நடத்திய அவருடைய மனைவி ஆன்றியெத், கணவர் மறைந்த பிறகு செய்யப்பட்ட பொருள்கள் என்பதைக் காட்டப் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்தார். 1904 முதல் 1906 வரையிலான காலம் என்றே அந்த அடையாளத்தைப் பொதுவாகக் கணிக்கிறார்கள். ஆகவே நட்சத்திரம் போலிக்கு அடையாளம் அன்று. தொழிற்கூடமே வைத்த குறி. அதே நட்சத்திரம் இரண்டாமவரின் பேச்சையும் பொய்யாக்கிவிடுகிறது, ஏனெனில் அது உண்மையானால் சாடி உருவானபோது காலே உயிருடன் இல்லை. நட்சத்திரம் இல்லாத சாடியெல்லாம் அவர் காலத்தது என்றும் முடிவு கட்ட முடியாது. பின்னாளில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு வெறும் பெயரோடு உற்பத்தி தொடர்ந்தது. தொழிற்கூடம் மூடப்பட்டதோ 1936-இல்தான்.

ஆனால் நட்சத்திரத்தையும் பெயரையும் யார் வேண்டுமானாலும் போட முடியும் என்பதுதான் உண்மையான சிக்கல். இந்த வகைச் சாடியில் ஒரு நிறக் கண்ணாடியின் மேல் வேறு நிறக் கண்ணாடியைப் படலமாக ஏற்றி ஊதுவார்கள். ஆறிய பின், பூவும் இலையும் நிற்க வேண்டிய இடங்களில் அமிலம் தாக்காத தார்ப்பூச்சைத் தீட்டி, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்குவார்கள். சுங்குடிச் சேலையில் கட்டிய இடத்தில் சாயம் ஏறாதது போல, பூச்சு இருக்கும் இடத்தை அமிலம் தொடாது. மற்ற இடத்தில் மேல்படலம் அரிக்கப்பட்டுப் பின்னணி வெளிப்படும். பெயரும் இப்படித்தான் அமைகிறது. அதனால் உங்கள் சாடியில் அந்த எழுத்துகள் பூங்கொடியின் அதே ஊதாப் படலத்தில், விரலுக்குத் தட்டுப்படும்படி புடைத்து நிற்க வேண்டும். குழிவாகக் கீறப்பட்டிருந்தாலோ, மேலே வண்ணத்தால் எழுதப்பட்டிருந்தாலோ, பெயரில்லாத ஒரு பழைய சாடியில் பின்னாளில் யாரோ பெயர் சேர்த்திருக்கிறார்கள் என்றே கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். காலேயின் தொடக்கக் காலப் படைப்புகளில், அதாவது தெளிந்த கண்ணாடியின் மேல் எனாமல் வண்ணம் தீட்டப்பட்டவற்றில், பெயர் பெரும்பாலும் அடிப்புறத்தில் கீறப்பட்டோ எனாமலால் எழுதப்பட்டோ இருக்கும். அவற்றில் 'நான்சி' என்ற ஊர்ப்பெயரும் சேர்ந்து வரலாம். எழுத்தின் வடிவமும் ஒரே மாதிரி இராது. செடியின் தண்டு போல நெளிந்தும், ஜப்பானிய எழுத்துப் போல மேலிருந்து கீழாகவும் அவர் பெயரை அமைத்ததுண்டு. இந்த உண்மையைக் காட்டி, "காலே எப்படி வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்" என்று வாங்குவோரின் வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்தச் சுதந்திரம் அந்த வகைப் படைப்புகளுக்கு உரியது. எனாமல் சாடியில் கீறிய பெயர் இயல்பானது; அமிலத்தால் அரித்துச் செய்த இரு நிறச் சாடியில் கீறிய பெயர் சந்தேகத்துக்குரியது. உங்களுடையது இரண்டாவது வகை. யாராவது முதல் வகையின் விலக்கை அதற்குப் பொருத்திப் பேசினால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புடைத்த எழுத்து இருந்தாலும் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். ருமேனியாவில் அண்மைப் பத்தாண்டுகளில் இதே அமில முறையில், இதே பெயரோடு சாடிகள் ஏராளமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. இது காலே பாணியில் செய்தது என்பதைக் காட்டப் பெயரை அடுத்தோ சற்றுக் கீழேயோ 'டி, ஐ, பி' (TIP; ருமேனிய மொழியில் 'வகை') என்ற மூன்று ரோமன் எழுத்துகளையும் புடைப்பாக வைத்திருப்பார்கள். அதோடு விற்றால் ஏமாற்று இல்லை. இடையில் வாங்குகிற தரகர் அந்த மூன்று எழுத்துகளைத் தேய்த்துவிட்டு, தாத்தா காலத்துச் சாடி என்று விலை சொல்வதுதான் ஏமாற்று. ஆகவே பெயரைப் பார்ப்பதைவிடப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். இருட்டறையில் டார்ச்சைச் சாடியின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நகைக்கடையில் பயன்படும் லென்ஸால் கடைசி எழுத்தைச் சுற்றி அங்குலம் அங்குலமாக நோக்குங்கள். தேய்த்த இடம் மற்ற பின்னணியிலிருந்து வேறுபட்ட மினுக்கத்தோடு, லேசாகப் பள்ளம் விழுந்து, ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகளோடு இருக்கும். விரல் நுனியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் அந்தப் பள்ளம் பல நேரங்களில் கண்ணுக்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து சாடியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நூறாண்டுக்கு மேல் மேசையில் இருந்த சாடியின் கீறல்கள், மேசையைத் தொடும் விளிம்பில் மட்டும், பல திசைகளில், பல ஆழங்களில் இருக்கும். உப்புத்தாளால் 'பழமை' ஏற்றிய சாடியில் கீறல்கள் ஒரே சீராக இருக்கும். மேசை தொடவே முடியாத உட்குழிவிலும் இருக்கும். அதன் பிறகு இலைகளைக் கவனியுங்கள். காலே கண்ணாடிக்காரர் மட்டுமல்லர், செடிகொடிகளை முறையாகப் படித்தவர்; அவர் மறைவுக்குப் பின்னும் தொழிற்கூடம் அந்த மரபிலேயே வரைந்தது. நல்ல சாடியில் அமிலம் பலமுறை செலுத்தப்பட்டிருப்பதால், இலையின் நடுநரம்புக்கும் ஓரத்துக்கும் இடையே நிறம் படிப்படியாக வெளிறும். பூ இன்ன செடியின் பூ என்று சொல்ல முடியும். எந்தச் செடி என்றே சொல்ல முடியாத பூவும், ஒரே தடிமனில் வெட்டி ஒட்டியது போன்ற இலையும் நல்ல அறிகுறிகள் அல்ல. இவற்றையெல்லாம் பார்த்த பிறகே கையொப்பத்துக்கு மதிப்பு வருகிறது.

இனி பாரிஸ் ஏலத்துக்கு வருகிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் எவரும் இந்தியாவுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. உங்கள் நட்சத்திரம் உண்மையென்றால் சாடிக்கு நூறு வயது கடந்துவிட்டது. அதாவது, சாடி அசல் என்றும் சொல்லி, அதைப் பாரிசில் விற்றுத் தருவதாகவும் சொல்கிறவர், சட்டத்தை மீறப் போவதாக உங்களிடம் ஒப்புக்கொள்கிறார். சுங்கத்தில் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பொருளுக்கு உரியவரான நீங்களும்தான். "ஒரு வாரம் எங்களிடம் இருக்கட்டும், நிபுணரிடம் காட்டுகிறோம்" என்பதும் எனக்குச் சலித்துப்போன பேச்சு. திரும்பி வரும் சாடி நீங்கள் கொடுத்ததுதான் என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்?

சோழர் செப்புத்திருமேனிகள் கடல் கடந்து போகாமல் காக்க வேண்டிய சட்டம், நான்சித் தொழிற்கூடத்தில் செய்த பூச்சாடியையும் அதே கயிற்றால் கட்டிவைத்திருப்பதை நான் நியாயம் என்று கருதவில்லை. தங்கத்துக்கு ஹால்மார்க் கேட்டு வாங்கும் நாட்டில், பழங்கண்ணாடி வைத்திருக்கும் ஒரு குடும்பம் போய்க் கேட்க ஒரு மேசை இல்லை. பிரான்சில் 1981 மார்ச் 3-ஆம் தேதிய அரசாணை, ஒரு பொருள் இன்ன கலைஞரின் கையொப்பம் உடையது என்று எந்தத் தயக்கக் குறிப்பும் இன்றி எழுதி விற்பவரை, அது அவருடைய படைப்பே என்பதற்குப் பொறுப்பாக்குகிறது. இங்கே வியாபாரி வாயால் சொன்னது காற்றோடு போகிறது. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

எனவே சாடிக்குப் பதிலாகப் படங்களை அனுப்புங்கள். கறுப்புத் துணியின் முன் வைத்து, முழு உருவம், கையொப்பம், அதன் இருபுறமும் உள்ள வெற்றிடம், அடிப்புறம், உள்ளே டார்ச் வைத்து எடுத்த ஒளிப்படம் ஆகியவற்றை, பக்கத்தில் அளவுகோல் தெரியும்படி எடுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் பல, படங்களைக் கொண்டே முதற்கட்டக் கருத்தைக் கட்டணமின்றித் தருகின்றன. அவர்களிடம் 'காலே தொழிற்கூடத்தில் செய்யப்பட்டது' என்று எழுத முடியுமா என்று கேளுங்கள். 'காலே என்ற பெயர் உள்ளது' என்று மட்டும் பதில் வந்தால், அவர்கள் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். அதுவரை சாடியைக் கழுவ வேண்டாம், விளக்காக்க அடியில் துளையிட வேண்டாம், விலையும் பேச வேண்டாம்.